கோழிகள் தின்ற மாத்திரை

அந்த வருஷம் எங்கள் வீட்டில் எலும்பு என்றால் அது என் எலும்புதான். வேறு யாருக்கும் எலும்பு இருப்பதாகவே யாரும் பேசவில்லை.

நாமெல்லாம் முப்பதைத் தொடப் போகிறோம். சேர்ந்து உட்கார்ந்தால் முட்டிவலி, இடுப்புவலி, யாருக்கு எந்த டாக்டர் என்ன எழுதிக் கொடுத்தார் என்பதில் பேச்சு போய் நிற்கிறது. போன வாரம் கேன்டீனில் ஒருத்தி, "வெயில்ல நில்லு, கேழ்வரகு சாப்பிடு, எல்லாம் சரியாயிடும்" என்று சர்வசாதாரணமாகச் சொன்னாள். எங்கள் வீட்டில் அந்த ஒரு வரி வந்து சேர்வதற்கு எத்தனை பேர் எத்தனை பேரைச் சந்தேகப்பட வேண்டியிருந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது பத்து வயது. முந்தைய கோடை விடுமுறையில் மாடிப்படியிலிருந்து குதித்து இடது கையை உடைத்துக்கொண்டிருந்தேன். மாவுக்கட்டைப் பிரித்தபோது கை உரித்த முருங்கைக்காய் போல வெளுத்து மெலிந்திருந்தது. அதிலிருந்து பால் எனக்கு. முட்டை எனக்கு. கூழ் காய்ச்சினால் அடியில் தங்கும் கெட்டி எனக்கு. சாயங்காலம் கயிறு தாண்டுவதும் எனக்குத்தான். பெட்டிகளைக் கட்டி வரும் மஞ்சள் பிளாஸ்டிக் பட்டையைக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து அப்பா மூன்றாகப் பின்னிக் கொடுத்த கயிறு அது. தரையில் பட்டால் சாட்டை மாதிரி ஓசை வரும். காலில் பட்டால் கோடு விழும். பிறகு எந்த வீட்டு மாற்றத்தில் அது தொலைந்தது என்று தெரியவில்லை.

"எலும்பு இறுகற வயசு, குடி" என்று அம்மா டம்ளரை நீட்டுவாள். ஆடையோடு பால் எனக்கு வந்துவிடும். பாத்திரத்தின் அடியில் மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி டீத்தூள் போட்டு அவள் குடிப்பாள். அந்த டீ எப்போதும் செங்கல் கழுவிய தண்ணீர் நிறத்தில் இருக்கும்.

லைன் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு எங்கள் இடத்தை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வடக்குப்பட்டுப் பக்கம், ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட அறைகள், முன்னால் எல்லோருக்கும் ஒரு குழாய், பின்னால் துணி துவைக்கும் கல்லும் முள்வேலியும் ஒரு கோழிக்கூண்டும். ஏறக்குறைய எல்லா ஜன்னல்களும் அட்டையால் மூடியிருக்கும். நைட் ஷிப்ட் போய்விட்டு வருகிறவர்கள் பகலில் தூங்க வேண்டுமே. எங்கள் ஜன்னலில் இருந்தது ஒரு ஃபிரிட்ஜ் பெட்டியின் அட்டை. "இந்தப் பக்கம் மேலே" என்று காட்டும் அம்புக்குறி அதில் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அம்மா சுங்குவார்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நின்றாள். அந்த வருஷம் பெரும்பாலும் நைட். இருட்டியபின் கம்பெனி பஸ் வரும். பொழுது விடியும்போது கொண்டுவந்து விடும். பஸ்ஸில் திரை. கம்பெனிக்குள் தொப்பி, முகமூடி, மணிக்கட்டு வரை நீலக் கோட்டு. வீட்டில் ஃபிரிட்ஜ் அட்டை. ஞாயிற்றுக்கிழமை சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய் வருவது மட்டும்தான் வெளிச்சம். இப்போது நான் ஒரு கம்பெனியில் பொருள்களைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். ஒரு பொருள் ஏன் உடைந்தது என்று கேட்டால் அது எந்தெந்த வழியாக வந்தது என்று பின்னோக்கிப் போவோம். அப்படிப் போய்ப் பார்த்தால் அம்மாவின் மேல் வெயில் விழ ஒரு வழிகூட இல்லை. அன்று யாரும் அப்படிப் பார்க்கவில்லை. எல்லோரும் அவள் நடையைத்தான் பார்த்தார்கள்.

நடை மாறிப்போனதை முதலில் கவனித்தவள் அத்தை. அப்பாவின் அக்கா, அடுத்த அறையில் இருந்தாள். அம்மா தூங்கும் நேரத்தில் என்னைப் பார்த்துக்கொள்வதும், அம்மா விழித்திருக்கும் நேரத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்வதும் அவள் வேலை.

"இன்னாடி, உங்கம்மா வாத்து மாரி ஆடி ஆடி நடக்கறா? எதுனா விசேஷமா?" என்று என்னிடம் கேட்டாள். விசேஷம் என்றால் வீட்டில் பாயசம் வைப்பார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். இல்லை என்றேன்.

விசேஷம் இல்லை என்று சில வாரங்களில் அத்தைக்கே தெரிந்துவிட்டது. அதிலிருந்து அவள் குரல் மாறியது. அம்மா இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து வருவாள். பஸ் படியில் ஏறக் கம்பியைப் பிடித்துத் தன்னைத் தானே இழுத்துக்கொள்வாள். தரையில் உட்கார்ந்தால், எழும்போது முதலில் முட்டியில் கை, பிறகு தொடையில் கை, பிறகு சுவரில் கை என்று தன் உடம்பின் மேலேயே ஏறி வருவாள். இடுப்பு, தொடை, விலா, எங்கே தொட்டாலும் வலி என்பாள்.

"எங்கே தொட்டாலும் வலின்னா அது நோவு இல்ல, சாக்கு" என்றாள் அத்தை.

அப்பா இருங்காட்டுக்கோட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அவர் கத்த மாட்டார். ஒரு கேள்வியை மட்டும் மறுபடி மறுபடி கேட்பார்: "நெஜமாவே வலிக்குதா?" முதல் தடவை அது அக்கறை. போகப் போக அது வேறு ஏதோ ஆகிவிட்டது. அம்மா பதில் சொல்வதை நிறுத்தினாள். அவள் பதில் சொல்லாததும் ஒரு சந்தேகத்துக்கு இடமாயிற்று.

கம்பெனி லைனிலும் அதே கதை. ஒருநாள் அம்மா உட்கார ஒரு ஸ்டூல் கேட்டிருக்கிறாள். ஸ்டூல் கேட்பவர்களுக்கு அங்கே ஒரு பட்டம் உண்டு, சீரியல் நடிகை. "நிக்க முடியலன்னா சொல்லிடும்மா, வேற ஆள் ரெடியா இருக்கு" என்று சூப்பர்வைசர் சொன்னாராம். டாக்டரிடமிருந்து ஏதாவது கொண்டுவா, இல்லாவிட்டால் மாசக் கடைசியோடு பார்த்துக்கொள் என்றும் சொன்னார். ஆக, அம்மாவுக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அவளுக்கு வலிக்கிறது என்பதற்கு அத்தாட்சி.

பஸ் ஸ்டாப் பக்கத்து கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு நல்லாத்தான் இருக்கு, அசதி" என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கறுப்பு ஃபிலிமை அத்தை ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"எல்லாம் அடுக்கி வெச்ச மாரி கீதே. எங்க ஒடஞ்சிகீது? காட்டு, பாக்கலாம்."

"ஒடஞ்சிதுன்னு நா சொல்லல அண்ணி. வலிக்குதுன்னுதான் சொன்னேன்."

"ஒடயாத எலும்பு இன்னாத்துக்கு வலிக்கும்?"

வலி என்று சொல்பவளிடம் உடைந்த இடம் கேட்பார்கள் என்று அம்மா எதிர்பார்த்திருக்க மாட்டாள். அத்தையும் முட்டாள் அல்ல. கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தான் பேசினாள். எக்ஸ்ரே என்ற வார்த்தைக்கு அன்று எங்கள் லைனில் அவ்வளவு மரியாதை இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் எனக்கும் ஒரு சந்தேகம் வந்தது. அது வேறு மாதிரி.

கடைசி அறையில் ஒரு அக்கா இருந்தாள். திருநெல்வேலிப் பக்கம். புருஷன் ஓரகடத்தில் ஏதோ டயர் கம்பெனியில். பின்னால் இருந்த கோழிக்கூண்டு அவளுடையது. காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும் அம்மா, வீட்டுக்கு வருவதற்கு முன் பின்பக்கமாகப் போய் அந்த அக்காவின் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தை வைப்பதைப் பார்த்தேன். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் முட்டை. மறுபடியும் பொட்டலம், மறுபடியும் முட்டை. அம்மா எதையோ கொடுத்து என் முட்டையை வாங்குகிறாள் என்று புரிந்தது. என்ன கொடுக்கிறாள் என்பது புரியவில்லை. கம்பெனியிலிருந்து எதையாவது எடுத்து வருகிறாளோ என்று பயந்தேன். கேட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள் என்று அவளே சொல்லியிருந்தாள். போலீஸ் வந்தால் முட்டை சாப்பிட்ட என்னையும் பிடிப்பார்களா என்றெல்லாம் யோசனை ஓடியது.

ஒருநாள் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"இன்னைக்கும் குடுத்தாவளா?" என்றாள் அக்கா.

"தெனமும் குடுக்கறாங்க. மெடிக்கல் ரூம்ல லைன்ல நிக்க வெச்சி, கையில வெச்சி அமுக்கறாங்க. இன்னா மாத்திரன்னு கேட்டேன். 'சத்துக்கும்மா, போட்டுக்க, எல்லாரும் கேள்வி கேட்டா பஸ்ஸு போயிடும்'னு அந்த நர்சம்மா சொல்லுது. அட்டையில இருந்தாலும் பேரு படிக்கலாம். அதையும் அதுவே பிரிச்சி வெச்சிகினு ஒண்ணொண்ணா குடுக்குது."

"முழுங்கிப் பாத்தியா?"

"மொத வாரம் முழுங்கினேன். அப்புறம்தான் பஸ்ஸுல அந்த முன் சீட்டு அக்கா சொல்லிச்சி. பொம்பளைங்களுக்கு மட்டும் இன்னாத்துக்குக் குடுக்கறான்? புள்ள உண்டாவாம இருக்கத்தான். மாசமாயி லீவு போட்டா லைன்ல ஆள் கொறயும் இல்ல? பஸ்ஸே முழுக்க ஜன்னல் வழியா வீசிட்டு வருது. எனுக்கு வீச மனசு வரல."

"நீ ஏன் வீசணும்? இங்கன தா. பொடிச்சித் தவுட்டுல போட்டா முட்டை ஓடு கெட்டியா வரும். எங்க ஊர்ல கிளிஞ்சல் பொடி போடுவோம்லா, அது மாதிரித்தான் ருசிக்கு."

"நீ துன்னு பாத்தியாக்கா?"

"நக்கிப் பாத்தேன். சுண்ணாம்புதான்."

ஜன்னலுக்கு வெளியே மாத்திரைகள் பறக்கும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். நெடுஞ்சாலை ஓரத்துப் புல்லுக்கு எவ்வளவு சத்து போய்ச் சேர்ந்திருக்கும் என்று இன்று சிரிக்கலாம். ஆனால் அந்தப் பெண்கள் பயந்ததில் ஒரு நியாயம் இருந்தது. கழிவறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டிய இடம் அது. கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது என்று வேலைக்கு எடுக்கும்போதே கேட்ட இடம். அந்த இடம் திடீரென்று உன் உடம்பின் மேல் அக்கறை கொண்டு, பெயர் சொல்லாத மாத்திரையைக் கையில் வைத்தால் நான் இன்றும் விழுங்க மாட்டேன்.

அம்மா மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பயந்தாள். அவளுக்கு இன்னொரு குழந்தை வேண்டும். அத்தைக்கும் அதுதான் வேண்டும், ஆண் குழந்தையாக. இரண்டு பேரும் ஒன்றையே விரும்பினார்கள். இரண்டு பேரும் ஒரே மாத்திரையை ஒரே காரணத்துக்காகச் சந்தேகப்பட்டார்கள். ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளாததால் அது சண்டையாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குழாயில் தண்ணீர் வரும் நேரம். லைனில் பாதிப் பேர் குடத்தோடும் பாதிப் பேர் பல் விளக்கிக்கொண்டும் நின்றார்கள். அம்மா குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்த அத்தை, உள்ளே இருந்த பொட்டலத்தோடு வந்து நின்றாள். காகிதத்தைப் பிரித்து நீட்டினாள். சாக்பீஸை வெட்டிப் போட்ட மாதிரி வெள்ளைவெள்ளையாக மாத்திரைகள்.

"இன்னா இது?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அது கம்பெனில குடுத்தது அண்ணி."

"கம்பெனில இன்னாத்துக்குக் குடுக்கறான்னு எனுக்குத் தெரியும். பக்கத்துத் தெரு பொண்ணும் அதே பஸ்ஸுலதான் வர்றா. அவ தூக்கிப் போட்டுட்டு வர்றா, நீ பத்திரமா மடிச்சி எட்த்துகினு வர்ற. ஒரு பொட்டப்புள்ள போதும்னு நீயே முடிவு பண்ட்டியா? என் தம்பி இன்னா, இளிச்சவாயனா?"

"நா துன்றதில்ல அண்ணி."

"துன்றதில்லன்னா பையில இன்னாத்துக்கு வெச்சிகினு கீற? சாமிக்குப் படைக்கவா? அதான் இடுப்பு வலி, காலு வலின்னு டபாய்ச்சிகினு கீறியா? கண்ட மாத்திரய முழுங்கினா வலிக்காம இன்னா பண்ணும்?"

பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் துப்புவதை நிறுத்தினார்கள். அப்பா வாசலில் வாயில் பிரஷ்ஷோடு நின்றார். அவர் அம்மாவைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கோபம் இல்லை. தவறவிட்ட ஒன்று இப்போதுதான் விளங்கியது போல ஒரு பார்வை. அதுதான் மோசம்.

அப்போது கடைசி அறை அக்கா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள்.

"மதினி, அத இங்க தாங்க. அது எங் கோழிக்குள்ளது."

"இன்னாது?"

"கோழிக்கு. உங்க தம்பி பொண்டாட்டி எனக்குத்தான் கொண்டாந்து தாறா. தவுட்டுல பொடிச்சிப் போடுதேன். முட்டை ஓடு கல்லு மாதிரி வருது. நேத்து இந்தப் புள்ள டம்ளர்ல தட்டித் தட்டி டம்ளருதான் நசுங்கிச்சி, கேட்டுப் பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டம்ளர் நசுங்கியது உண்மைதான். தலையாட்டினேன்.

அத்தை விடவில்லை. "அய்ய, உனுக்கு ஒண்ணும் தெரியாது. அது புள்ள உண்டாவாம இருக்கற மாத்திர. ஊருக்கே தெரியும்."

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், பேச்சுக்காக அல்ல.

"அப்பம் எங் கோழி முட்டையே இட்டுருக்கக் கூடாதே? அது தெனமும்லா இடுது. கருப்பு பெட்ட அடைக்கு வேற ஒக்காந்துருக்கு."

யாரோ வாயிலிருந்த நுரையோடு சிரித்தார்கள். "யக்கா, சேவலுக்கும் குடுத்தியா?" என்று ஒருவர் கேட்டார். "அந்தக் கம்பெனிக்காரன் ஏமாந்துட்டான்பா, கோழிகிட்ட பாச்சா பலிக்கல" என்றார் இன்னொருவர். லைனே சிரித்தது. அத்தை கையில் பொட்டலத்தோடு நின்றாள். கடைசியில் அவள் உதடும் கோணியது.

அம்மாவும் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே, தேய்த்த பாத்திரங்களோடு எழுந்தாள். முட்டியில் கை வைத்தாள். தொடையில் கை வைத்தாள். பாதி எழுந்திருப்பாள், சிரிப்பு அப்படியே முகத்தில் நிற்க, வாய் மட்டும் திறந்துகொண்டது. பாத்திரங்கள் சிதறின. குழாயடித் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்த சத்தம் மட்டும்தான் கேட்டது.

அப்பா பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். பிறகு அவர் அத்தையிடம் சொன்னதை நான் கேட்டேன்: "சிரிச்சிகினே எப்பிடிக்கா ஒருத்தி நடிப்பா?"

மறுநாள் காஞ்சிபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள், அத்தையிடம் விட அப்பாவுக்கு மனசில்லை. ஒரு லேடி டாக்டர். அவர் எக்ஸ்ரேயைப் பார்க்கும் முன் அம்மாவைப் பார்த்தார். பகல் ஷிப்ட் உண்டா, முட்டை, மீன் உண்டா, பால் உண்டா, வெயிலில் நடப்பது உண்டா என்று கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். ஏதோ குற்றத்தை மறுப்பவள் மாதிரி.

டாக்டர் குனிந்து அம்மாவின் முழங்காலுக்குக் கீழே, தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படும் இடத்தில், கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அம்மா நாற்காலியிலிருந்து துள்ளினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சார், நீங்க உக்காருங்க. பேன்ட்ட ஏத்துங்க" என்றார் அப்பாவிடம். அதே இடத்தில், அதே விரலால் அழுத்தினார்.

"வலிச்சுதா?"

"இல்ல டாக்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அமுக்கறது தெரியுது. வலி இல்ல."

"அவங்களுக்கும் இவ்வளவுதான் அழுத்தினேன்."

அப்பா பேன்ட்டைக் கீழே இறக்க மறந்து உட்கார்ந்திருந்தார். எக்ஸ்ரே உடைந்ததைக் காட்டும், எலும்பு உள்ளுக்குள் மெத்துமெத்தென்று ஆகிக்கொண்டு வருவதைச் சீக்கிரத்தில் காட்டாது என்று டாக்டர் சொன்னார். வெயில் படாத உடம்பு சாப்பிட்ட சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ளாது. சாப்பிடுவதிலும் அது இல்லை என்றால் உடம்பு எலும்பிலிருந்து எடுக்கும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இடுப்புக்குக் கீழே தானாகவே விரிசல் விட்டிருக்கும் என்றார். ரத்தம் எடுத்தார்கள். முடிவு அவர் சொன்னபடியே வந்தது.

"நா நின்னுகினேதான டாக்டர் வேல செய்றேன். எக்சசைஸ்தான அது?" என்று அம்மா கேட்டாள்.

"நிக்கறது வேற, நடக்கறது வேற. எலும்புக்கு மேல பாரம் ஏறி ஏறி இறங்கணும். இப்பவே வேண்டாம். வலி குறையட்டும். அப்புறம் நடங்க, படி ஏறுங்க, பை தூக்குங்க. படுத்தே கிடந்தா எலும்பும் படுத்துடும்."

மாத்திரையும், வாரம் ஒரு முறை பாலில் கலக்கும் பொடியும் எழுதினார். மருந்துக் கவுன்டரில் அந்த மாத்திரையைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியது. அதே அளவு, அதே வெள்ளை. ஆனால் இது அட்டையோடு வந்தது. அம்மா அட்டையை என்னிடம் கொடுத்து, "படி" என்றாள். பத்து வயது ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கால்சியம் என்ற வார்த்தை வந்ததும் "இன்னொரு தபா" என்றாள். அப்பாவையும் படிக்கச் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு குடும்பமே ஒரு மாத்திரை அட்டையை மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டு நின்றது.

வந்த அன்றே அப்பா ஜன்னல் அட்டையைக் கிழித்தார். அறைக்குள் இவ்வளவு ஒட்டடை இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

சரியாவதும் சந்தேகம் இல்லாமல் நடக்கவில்லை. காலைச் சமையல் முடிந்ததும் அம்மா மொட்டை மாடியில் துணிக்கொடிகளுக்கு நடுவே, சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு உட்காருவாள். பக்கத்து மாடியிலிருந்து தலைகள் தெரியும். "வேலைக்கும் போறதில்ல, வெயில் காயறா, இன்னா கதை?" என்று லைனில் பேச்சு. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த அத்தை, மூன்றாம் நாள் ஒரு பழைய பெட்ஷீட்டை எடுத்துப்போய் அந்தப் பக்கமாகக் கட்டினாள். பிறகு தானும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவே இல்லை. நெத்திலி வந்தது. முள்ளோடு மொறுமொறுவென்று வறுத்து, "தல, முள்ளு எதியும் எடுக்காத, அப்படியே துன்னு" என்று தட்டில் போடுவாள். என் பாலிலும் பாதி போயிற்று. முருங்கைக்கீரை, கேழ்வரகு எல்லாம் இரண்டு பங்காகப் பிரிந்தன. எனக்கு வயிறெரிந்தது. எலும்பு என்னுடைய சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வலி குறைந்த பிறகு சாயங்காலங்களில் சிப்காட் ரோட்டின் ஓரமாக நடந்தோம். முதலில் டீக்கடை வரை. பிறகு வளைவு வரை. பிறகு வாட்டர் டேங்க் வரை. கன்டெய்னர் லாரிகள் போகும்போது தரை அதிரும். அம்மா என் தோளைப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் பிடிக்கவில்லை. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி பிடித்துக்கொள்வாளோ என்று பயம்.

கம்பெனி லைனில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டாள். டாக்டர் எழுதிக் கொடுத்ததை அப்பா கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அம்மா பிறகு பகல் ஷிப்ட் மட்டும் உள்ள ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். பழைய பஸ்காரிகளிடம் கோழிக் கதையைச் சொல்லியிருக்கிறாள். சிலர் மாத்திரையை விழுங்க ஆரம்பித்தார்களாம். அந்த முன் சீட்டு அக்கா மட்டும், "கோழி வேற, நாம வேற" என்று சொல்லிவிட்டு வீசிக்கொண்டே இருந்தாளாம்.

எனக்குத் தம்பியோ தங்கையோ பிறக்கவில்லை. வருஷங்கள் போயின. ஒரு கட்டத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்கள்.

போன ஞாயிறு வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு ஐம்பதை நெருங்குகிற வயது. கம்பெனியில் எங்களுக்கெல்லாம் எலும்பு பரிசோதனை செய்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"உனுக்குத்தான் எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணத் தெரியுமே. ஒண்ணு கேக்கறேன். அந்த மொத வாரம் நா முழுங்கினேன் இல்ல, பேரு தெரியாம... அது வெறும் கால்சியந்தானா?"

இத்தனை வருஷம் இதை அவள் உள்ளேயே வைத்திருக்கிறாள். அத்தனை பேரும் சிரித்த அந்தக் காலையிலும் அவள் இதை வைத்துக்கொண்டுதான் சிரித்திருக்கிறாள்.

"வெறும் கால்சியந்தாம்மா" என்றேன். அது நிச்சயமாக அப்படித்தான் இருக்கும். குழந்தை உண்டாகாததற்கு வேறு நூறு காரணம் இருக்கலாம், தெரியாமலே போகலாம் என்றும் சொன்னேன். ஆனால் ஒரு பொருளைக் கையில் வைத்துச் சோதிக்காமல் அது இன்னதுதான் என்று நான் என் வேலையில் ஒருநாளும் எழுதிக் கொடுத்ததில்லை. அது என் குரலில் தெரிந்ததோ என்னவோ.

அம்மா ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள்.

"நீ சொன்னா சரி" என்றாள்.

எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நம்பிவிட்டதாக அர்த்தமில்லை. அவள் கீரைத் தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுந்து, அடுப்பங்கரைக்குப் போனாள்.